பட்டையும் அன்னாசிப்பூவும் கதவில் தொங்கும் ஊரிலிருந்து

ஸ்ட்ராஸ்பூர் பக்கத்துக் கிராமம்,
டிசம்பர் இரண்டாம் வாரம்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

போனில் பிடித்தால் "சாப்பிட்டியா, குளிருதா, புள்ள இருமுதா" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு "சரி, காசு ஆவும், வையி" என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸாப்பில் காசு ஆகாது என்று சொல்லிச் சொல்லி நானும் ஓய்ந்துவிட்டேன். ஆகவே கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். எதிர்வீட்டு அக்காவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும், அதனால் சம்பளம், கடன் பற்றி இதில் ஒரு வரி கிடையாது.

"பனி முழங்கால் மட்டும் கெடக்குதா?" என்று கேட்டீர்கள். அதெல்லாம் சினிமாவில் பார்த்தது. டிசம்பரில் இங்கே பெரும்பாலும் கிடைப்பது நசநச மழையும் மூடுபனியும்தான். காலை எட்டேகாலுக்குத்தான் சூரியன் எழுந்திருக்கிறது. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் கடையைக் கட்டிவிடுகிறது. பனி வராத வருஷம் வாசலில் வெள்ளைப் பஞ்சைப் பரப்பி அதைப் பனி என்கிறார்கள். நம் ஊர் மாதா கோவில் குடிலில் பஞ்சை ஒட்டி வைப்பதைப் பார்த்து, "பாவம், பனியையே பாக்காதவங்க" என்று சின்ன வயதில் நான் பரிதாபப்பட்டிருக்கிறேன். பனி ஊர்க்காரர்களும் பஞ்சைத்தான் ஒட்டுகிறார்கள் பெரியம்மா!

இந்த ஊர்க்காரர்களின் வாசலைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். மற்ற மாதங்களில் இவர்கள் வீட்டு முகப்பு வாயே திறக்காது. இருட்டியதும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரக்கதவுகளை இழுத்துச் சாத்திவிடுவார்கள். உள்ளே டிவி ஓடுகிறதா, சண்டை ஓடுகிறதா, காற்றுக்குக்கூடத் தெரியாது. நம் புதுச்சேரியில் துய்மா வீதி, ரோமேன் ரோலான் வீதிப் பக்கம் போனால் உயரமான மதிலும் சாத்திய கேட்டும்தானே தெரியும்? அப்படியே வைசியாள் வீதிக்கு வந்தால் கதை வேறு. கதவுக்கு முன்னால் திண்ணை, அதற்கு முன்னால் தெருவை ஒட்டித் தூண் வைத்த தாழ்வாரம், வெயிலுக்கு யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். வெள்ளைக்காரன் வீடு முற்றத்தைப் பார்த்துக் கட்டினது, நம் வீடு தெருவைப் பார்த்துக் கட்டினது. அந்த மதில் புத்தி எங்கேயிருந்து கப்பலேறி வந்தது என்பது இங்கே குடிவந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

நவம்பர் கடைசியில் இதே ஆட்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. எங்கள் பக்கத்து வீட்டு மதாமையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது தாண்டியவர். வருஷம் முழுக்க "போன்ழூர்", "ஒர்வார்" தவிர மூன்றாவது வார்த்தை வாங்க முடியாது. போன வாரம் ஏணி போட்டு ஏறிவிட்டார். கோடையில் ஜெரேனியம் பூத்த ஜன்னல் தொட்டிகளில் இப்போது ஊசியிலைக் கிளைகள். படியில் பழைய மரச் சறுக்குவண்டி, அதன் மேல் சிவப்புக் கட்டம் போட்ட துணியில் நாடா. படியின் இரண்டு பக்கமும் கண்ணாடி லாந்தர். கைப்பிடி நெடுக சீரியல் செட் பல்பு, ஆனால் நம் ஊர்க் கல்யாண வீட்டில் போல ஓடி விளையாடாது, அசையாமல் மஞ்சளாக எரியும். மினுக்கினால் மட்டமாம்.

கதவில் தொங்கும் வளையம்தான் வேடிக்கை. ஊசியிலையை வட்டமாகக் கட்டி, அதில் காய்ந்த ஆரஞ்சு வில்லை, பைன் காய், அப்புறம் என்ன தெரியுமா? பட்டை. அன்னாசிப்பூ. அதுவும் விரல் நீளப் பட்டை, நாலு நாலாகச் சேர்த்து நூலால் கட்டியது. எட்டு இதழும் உடையாத முழு அன்னாசிப்பூ. மளிகைக் கடையில் நாம் பொறுக்கி எடுத்தாலும் கிடைக்காத தரம். உங்கள் மாப்பிள்ளை அந்தக் கதவு முன்னால் நின்று முகர்ந்துவிட்டு, "இந்த ஒரு கதவை வெச்சு ஒரு அண்டா பிரியாணி தாளிக்கலாம்" என்றார். மதாம் ஜன்னல் வழியே பார்த்து, ரசிக்கிறார் என்று நினைத்துத் தலையசைத்தார். ரசித்ததும் உண்மைதான்.

இதெல்லாம் நேற்று முளைத்த பழக்கம் இல்லை. ஸ்ட்ராஸ்பூரில் கிறிஸ்துமஸ் சந்தை 1570-லிருந்து கூடுகிறது. இப்போது ஊரே தன்னைக் கிறிஸ்துமஸின் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிறது. டிசம்பர் சனிக்கிழமையில் பெரிய கோவில் பக்கம் போனால் நம் மாசி மகக் கூட்டம் கெட்டது. எங்களுக்குத் தெற்கே செலெஸ்தா என்று ஒரு சின்ன ஊர். கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்து எங்கள் ஊரில்தான் இருக்கிறது என்று அவர்களுக்கு ஒரே பெருமை. 1521-ஆம் வருஷத்துக் கணக்குப் புத்தகம். என்ன எழுதியிருக்கிறது? பண்டிகை சமயம் காட்டில் மரத்தை யாரும் வெட்டிப்போகாமல் காவல் காத்தவர்களுக்கு நாலு ஷில்லிங் கூலி. ஆக, அலங்காரத்தின் முதல் சாட்சியே திருட்டுப் பயம்தான்! எனக்கு இது ஆச்சரியமே இல்லை. மார்கழி விடியலில் நம் கொல்லைப் பூசணிக்கொடியை எத்தனை பேர் மொட்டையடித்திருப்பார்கள்? நீங்கள் துடைப்பத்தோடு ஒளிந்து நிற்பீர்களே, உங்களுக்கு யார் ஷில்லிங் கொடுத்தார்கள்?

மரத்தில் முதலில் ஆப்பிளைத்தான் தொங்கவிட்டார்களாம். 1858-ல் மழை பொய்த்து ஆப்பிள் காய்க்காமல் போக, வடக்கே மலைப்பக்கத்துக் கண்ணாடி ஊதும் தொழிலாளி ஒருவர் கண்ணாடியில் பழம் ஊதித் தொங்கவிட்டார் என்று கதை சொல்கிறார்கள். மைசந்தால் என்ற ஊரில் இன்றைக்கும் வாயால் ஊதி விற்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு புது மாதிரி வருகிறது. ஒரு உருண்டையின் விலையைச் சொன்னால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுவீர்கள்.

நம் கடற்கரையில் 2014-ல் இடிந்து விழுந்து திரும்பக் கட்டினார்களே மேரி என்ற நகராட்சிக் கட்டடம், அது மாதிரி இங்கே கிராமத்துக்குக் கிராமம் ஒரு மேரி உண்டு. எங்கள் மேரி நடத்துகிறது வாசல் அலங்காரப் போட்டி. நடுவர்கள் கோட்டும் குல்லாயுமாக ராத்திரி தெருத்தெருவாக நடந்து வந்து, வெளியே நின்றபடியே பார்த்து மார்க் போட்டுக்கொண்டு போவார்கள். முதல் பரிசு ஒரு பூந்தொட்டி. அதற்கு நடக்கும் அரசியலைப் பார்த்தால் நம் வார்டு எலெக்ஷன் தோற்றது. எதிர் வீட்டு முசியே பிளாஸ்டிக்கில் காற்றடித்த கிறிஸ்துமஸ் தாத்தாவை வைத்துவிட்டார் என்று மதாம் மூன்று நாள் அவருக்கு "போன்ழூர்" சொல்லவில்லை. காற்று இறங்கி அந்தத் தாத்தா படியில் குப்புற விழுந்த அன்றுதான் சமாதானம்.

எங்கள் வாசலில் ஒன்றும் இல்லாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? திண்ணை கிடையாது. நாலு படி, மேலே குடை விரித்த அளவுக்குக் கூரை, அவ்வளவுதான். கார்த்திகைக்கு அகல் ஏற்றினேன். தெருவே நின்று பார்த்துவிட்டுப் போனது. "எங்கள் மெழுகுவத்தியைவிட இது அடக்கமாக இருக்கிறது" என்று மதாம் சொன்னார். அதுதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் முழு வாக்கியம். அதற்கு மேலே நிலைப்படியில் வழக்கம்போல எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தேன். அதைக் கிட்டே போய்ப் பார்த்தார், விரலால் தொட்டார். மஞ்சளும் பச்சையும் என்ன பொருத்தம், நூலில் எப்படிக் கோக்கிறது என்று கேட்டார். இது அழகுக்கு இல்லை, யார் கண்ணும் படாமலிருக்க என்று விளக்கினேன். அவருக்குப் புரியவே இல்லை. "கண் படாமலிருக்கவா? அப்போ எதற்கு வெளியே தொங்கவிட்டாய்?"

என்ன பதில் சொல்ல? வருஷம் பூராவும் வாசலைத் திறந்துபோட்டு, தினம் கோலம் போட்டு, போகிறவர்களையெல்லாம் பார்க்கவைத்துவிட்டு, அப்புறம் கண்ணுபடுமே என்று பூசணிக்காய் உடைக்கிற ஜாதி நாம். இவர்கள் வருஷம் பூராவும் யாரும் பார்க்காமல் பூட்டிவைத்து, ஒரே ஒரு மாதம் ஊர்க் கண்ணெல்லாம் பட்டால் போதும் என்று ஏணி ஏறுகிறார்கள். எது புத்திசாலித்தனம் என்று கேட்டால் நான் நம் கட்சிதான். ஆனால் இப்போது எங்கள் தெருவில் மூன்று கதவில் எலுமிச்சம்பழம் தொங்குகிறது. ஒரு வீட்டில் மிளகாய்க்குப் பதில் சிவப்புக் குடைமிளகாய். எந்தப் பேய் அதற்குப் பயப்படும் என்று தெரியவில்லை.

இந்த மாதத்தில் கதவைத் தட்டுகிறவர்களுக்கும் குறைவில்லை. தபால்காரர், தீயணைப்புக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காலண்டரோடு வருகிறார்கள். விலை கிடையாது, நீங்கள் பிரியப்பட்டதைக் கொடுக்கலாம். தீபாவளி இனாமேதான், இங்கே கையில் காலண்டரையும் திணித்துவிட்டு வாங்குகிறார்கள்.

லீவு விஷயத்திலும் இவர்கள் நம்மைப் போலத்தான். நம் ஊரில் ஆகஸ்ட் 15 முடிந்து 16-ம் லீவு, 1962-ல் பிரெஞ்சுக்காரன் காகிதத்தில் நம் ஊரைக் கைவிட்ட நாள் என்று. இங்கே டிசம்பர் 25 முடிந்து 26-ம் லீவு. பாரீஸ்காரர்கள் அன்றைக்கு வேலைக்குப் போவார்கள். இந்தப் பக்கம் 1871-லிருந்து 1918 வரை ஜெர்மனிக்காரன் கையில் இருந்ததால் அந்தக் காலத்துச் சட்டத்தில் கொஞ்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கை மாறிய ஊர்களுக்கெல்லாம் ஒரு லீவாவது மிச்சம். பாரீஸை ஒட்டி சர்செல் பக்கத்தில் இருக்கும் நம் சொல்தா (பட்டாளத்து) மாமா வீட்டில் இதைச் சொன்னால் வயிறு எரிகிறார்கள். அவர்களுக்கு எட்டாவது மாடி. வாசல் என்றால் லிஃப்ட் கதவுதான்.

பனி விழுந்தால் வீட்டு முன் நடைபாதையை வீட்டுக்காரரேதான் வாரித் தள்ள வேண்டும், மேரி உத்தரவு. கருவடிக்குப்பத்தில் "வாசலைப் பெருக்கிவிடுப்பா" என்று நீங்கள் சொன்னபோது காது கேளாதவர்போல் பேப்பர் படித்த உங்கள் மாப்பிள்ளை, போன ஜனவரியில் விடிவதற்கு முன்னால் மண்வெட்டியோடு வெளியே நின்றார். அப்புறம் வழுக்காமலிருக்க உப்பு தூவினார். கோலமாவுதான் என்று நினைத்துப் பையன் அதைத் தாமரை போல் இழுத்துவிட்டான். பனி அந்த வடிவத்திலேயே உருகியது. உப்பில் போட்ட கோலம் உலகத்திலேயே எங்கள் வாசலில்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நடுவர்கள் வருவது கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அதற்குள் மார்கழி பிறந்துவிடும், நான் எப்படியும் கோலம் போடுவேன். பனியில் வெள்ளை எடுபடாத நாளுக்குக் காவி இருக்கிறது. நேற்று மதாம் வந்து காபி குடித்தார் (வீட்டுக்குள்ளே, பெரியம்மா, உள்ளே வந்து!). கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "என் படிக்கு முன்னாலும் ஒன்று போட்டுத் தருவாயா? வெள்ளிக்கிழமைக்குள்?" என்றார். மறுக்க முடியுமா? ஆனால் அவர் வாசலில் சறுக்குவண்டி, லாந்தர், பட்டை, அன்னாசிப்பூ எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு என் கோலமும் சேர்ந்தால் பூந்தொட்டி அந்த வீட்டுக்குத்தான் போகும்.

நம் வாசலுக்கு 15 புள்ளி, 8 முடிய, ஊடுபுள்ளி வைக்கிறேன். அவருக்கு 11 புள்ளி போதுமா, இல்லை 9-ஓடு நிறுத்திவிடலாமா? குறைத்துப் போட்டது தெரியாத மாதிரி, பார்க்கப் பெரிதாக இருக்கிற மாதிரி ஒரு கோலம் உங்களிடம் கட்டாயம் இருக்கும். அந்தக் காலத்தில் நாத்தனார் வீட்டுக்கு நீங்கள் போட்டுக் கொடுத்தது ஒன்று இருக்குமே, அதுவே போதும். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்துத் தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன், அசல் தபாலில் வரும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தாளில் புள்ளி வைத்துத் தம்பியிடம் கொடுங்கள். காசு ஆகாது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பி.கு.: ஜனவரியில் வருகிறவர்கள் கையில் காவிக்கட்டி மட்டும் கொடுத்தனுப்புங்கள். பட்டை, அன்னாசிப்பூ வேண்டாம். ஆறாம் தேதிக்கு மேல் இங்கே எல்லாரும் வளையத்தைக் கழற்றிக் குப்பையில் போடுவார்கள். உங்கள் மாப்பிள்ளை இப்போதே மதாமிடம் சொல்லி வைத்துவிட்டார்.