வேங்கிக்காலில் எரிமலைகள்

இரவு எட்டே முக்காலுக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறதே, அந்தச் செய்தியைப் பற்றித்தான் சொல்கிறேன். "டியர் பேரன்ட்ஸ், நாளை சயின்ஸ் எக்ஸ்போ. ஒவ்வொரு குழந்தையும் ஒரு வொர்க்கிங் மாடலுடன் வரவேண்டும். குழந்தைகள் தாங்களாகவே செய்ய ஊக்குவிக்கவும்." முடிவில் ஒரு கும்பிடு பொம்மை. எட்டே முக்காலுக்குத் தாங்களாகவே செய்யக்கூடிய காரியம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றே ஒன்றுதான், தூங்குவது. பச்சை நாள், பழ நாள், தாத்தா பாட்டி நாள் என்று வந்ததையெல்லாம் பொறுத்தாயிற்று. இந்தக் கடைசிச் செய்தியின் சூடு மட்டும் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஆத்திரப்படாமல், ஆதாரத்தோடு வாதாடுவதாக உத்தேசம். உண்மையில் எழுத உட்கார்ந்தது ஆண்டு விழாவைப் பற்றி. அதற்குப் பிறகு வருகிறேன்.

என் கட்சி இதுதான். தொடக்கப் பள்ளிகளில் "ஆக்டிவிட்டி" என்ற பெயரில் நடப்பவற்றால் அறிவு வளர்வது பெற்றோருக்கு. பிள்ளை வெறும் சுமைகூலி. சாட்சிக்கு எரிமலையையே அழைக்கிறேன். இந்தியாவில் உயிரோடு இருக்கிற எரிமலை அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி, ஆளில்லாத பாரன் தீவில் இருக்கிறது. எங்கள் வேங்கிக்கால் இருக்கிற திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒன்றும் கிடையாது. ஆனால் எந்தப் பள்ளிக் கண்காட்சிக்குள் நுழைந்தாலும் நாலு எரிமலையாவது குமுறிக்கொண்டிருக்கும். அடியில் தெர்மாகோல் பலகை, நடுவில் கழுத்தறுத்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அதைச் சுற்றி மைதா பசையில் ஊறிய நேற்றைய தினசரி, மேலே காவி பெயின்ட். அடிவாரத்தில் பச்சைச் சாயமேற்றிய மரத்தூள், அதில் போன வருஷக் கொலுவில் மிஞ்சிய பசு ஒன்று மேயும். எரிமலைக்குப் பக்கத்தில் பசு மேயுமா என்று கேட்கக் கூடாது. பசு இருந்தது, வைத்தார்கள். அம்மா பசை கிண்டுகிறாள், அப்பா பாட்டில் அறுக்கிறார், தாத்தா ஃபேனைப் போட்டு ஈரம் காயவைக்கிறார். பிள்ளை கிட்டே வந்தால் மூவரும் ஒரே குரலில் "தொடாதே, ஈரம்!" என்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு நுட்பமான வேலை பாக்கியிருக்கிறது. பெரியவர்கள் கைவண்ணம் என்று தெரியாமலிருக்க ஒரு மூலையில் பெயின்டைக் கோணலாக இழுத்துவிட வேண்டும். கலைநயம் முழுவதும் அந்தக் கோணலில்தான் இருக்கிறது. காலையில் டிவிஎஸ்ஸில் அப்பா, பின்னால் அம்மா, அவள் மடியில் எரிமலை, முன்னால் நின்றபடி பிள்ளை. வேலூர் சாலையில் வேகத்தடை வரும்போதெல்லாம் அப்பா திரும்பி மலையைத்தான் பார்க்கிறார்.

அங்கே போய் என்ன நடக்கிறது? சமையல் சோடாவைப் போட்டு, வினிகர் வீட்டில் ஏது, எலுமிச்சைச் சாற்றை ஊற்றினால், குங்குமம் கரைத்த சோப்பு நுரை வழிகிறது. "திஸ் இஸ் எ வல்கேனோ" என்று பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது. நடுவர் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டால் ஜன்னல் பக்கம் பார்க்கிறது. அங்கே அம்மாவின் உதடு அசைகிறது. இத்தனைக்கும் இந்த நுரைக்கும் எரிமலைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அமிலமும் சோடாவும் சேர்ந்தால் கரியமிலவாயு வரும், அவ்வளவுதான். பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பில் வாயுக்கள் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே வர வர அழுத்தம் குறைகிறது, கரைந்திருந்த வாயு பிரிந்து பொங்குகிறது, குழம்பையும் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. இதைக் காட்ட ஒரு கோலி சோடா போதும். கட்டை விரலால் கோலியை அழுத்தினால் அழுத்தம் விடுபட்டு, கரைந்திருந்த வாயு சீறிக்கொண்டு மேலே வரும். பெயின்ட் வேண்டாம், பசு வேண்டாம், பிள்ளையே செய்யலாம், செய்தபின் குடிக்கவும் செய்யலாம். ஆனால் கோலி சோடாவோடு போகிற பிள்ளைக்குப் பரிசு வராது; பெரிய எரிமலைக்குத்தான் வரும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடியில் ஏறினால் 2,668 அடி மலை கண்ணெதிரே நிற்கிற ஊர் இது. அக்னித் தலம். கார்த்திகையில் அதன் உச்சியில் ஏற்றுகிற தீபம் பதினோரு நாள் எரிகிறது. கொப்பரையில் எரிவது நெய்யா, திரியா? நெய் தானாகப் பற்றாமல் துணித்திரியைக் கேட்பது ஏன்? மலைக்காற்றில் அணையாதது எப்படி? இத்தனை அறிவியலை உச்சியில் வைத்துக்கொண்டு, யூடியூபைப் பார்த்து இத்தாலி நாட்டு வெசுவியஸைச் செய்கிறோம். பக்கத்து மேஜையில் "பூமியைக் காப்போம்" மாடல் இருக்கும். தெர்மாகோல் தட்டும் குவளையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. காப்பாற்றப்படும் அந்தப் பூமி முழுக்கத் தெர்மாகோல்.

மறுப்புகள் வரும், தெரியும். "சட்டமே செய்து பார்த்துக் கற்கத்தானே சொல்கிறது?" சொல்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் செயல்பாடு வழியாகவும் தானே கண்டறிந்தும் கற்கச் சொல்கிறது. அதே சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல் வேண்டும் என்றும் சொல்கிறது. வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு நாலு மணி நேரம். செய்து பார்ப்பதை அந்த நாலு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளலாமே. நம் வீட்டு ராத்திரியைச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. "பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்தால் பாசம் வளரும்" என்பார்கள். இரவு பத்தரைக்கு ஃபெவிகால் தீர்ந்துபோன வீட்டில் என்ன வளரும் என்பதை மணமானவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "மான்டிசோரி முறை சார்" என்று சிலர் வாயடைக்கப் பார்ப்பார்கள். அந்த முறையை வகுத்த மான்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். உலகப் போர் மூண்டதால் அடையாறிலும் கோடைக்கானலிலுமாக ஆண்டுக்கணக்கில் இங்கேயே தங்கிப்போனவர். பிள்ளையால் முடிகிற வேலையில் பெரியவர் கை வைப்பது உதவியே அல்ல, இடையூறு என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. நம் எரிமலையைப் பார்த்திருந்தால் போரையும் பொருட்படுத்தாமல் கப்பல் ஏறியிருப்பார்.

மேடைக் கூச்சம் போகும் என்ற வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். போகும்தான், மேடையில் பேசுவது பிள்ளையாக இருந்தால். அதற்கு உதாரணம் அரசுப் பள்ளிகளிலேயே இருக்கிறது. 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறுகிறது. கடைசியில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டமும் உண்டு. 2024-25இல் ஒன்றாம் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டது. அங்கே களிமண்ணைப் பிசைவது பிள்ளையின் கைதான். காரணம் பெரிய தத்துவமெல்லாம் இல்லை. அந்த நேரத்தில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருப்பார்கள். அந்தப் பிள்ளை செய்த யானைக்குத் தும்பிக்கை எது, வால் எது என்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் கேட்டால் அதுவே சொல்லும், ஜன்னலைப் பார்க்காது. காசு கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு இந்த வசதி கிடைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமே. கட்டணத்தில் இதையும் சேர்த்து, கூடுதலாக ஏதாவது கேட்டால்கூடக் கொடுத்துவிடலாம்.

மிஸ்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கும் மேலிடத்திலிருந்து எட்டரைக்குத்தான் வந்திருக்கும். நாமாவது சும்மா இருக்கிறோமா? பக்கத்து வீட்டு எரிமலை இரண்டடி என்று கேள்விப்பட்டால் நம்முடையதை இரண்டரையாக்கி, வாயில் ஒரு சிவப்பு எல்இடி பல்பும் சொருகுகிற ஜாதி நாம். ஆண்டு விழாவுக்கு வர இடமில்லாமல் போய்விட்டது. எரிமலையே இவ்வளவு இழுத்துவிட்டது. ஒரு விண்ணப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மண்ணைப் பள்ளியிலேயே கொடுங்கள், அங்கேயே பிசையட்டும். ஏரி வண்டலை விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் இலவசமாக எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024இல் அரசு வழி செய்திருக்கிறது. அந்தப் பட்டியலில் எக்ஸ்போவையும் சேர்க்கச் சொல்லலாம். கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலிலேயே இருக்கிறது, மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை. மனுவுக்குச் சார்ட் பேப்பர் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும்.