சோழகம் ஏற்றும் தண்ணீர்

கோடியக்கரையிலிருந்து மேற்கே அதிராம்பட்டினம் வரைக்கும் சுமார் 48 கிலோமீட்டருக்குச் சதுப்புதான். இடையில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. என் சின்ன வயதில் இதைப் பார்க்கவென்று யாரும் வந்ததில்லை. விருந்தாளி வந்தால் வேதாரண்யம் கோயிலுக்கும் ராமர் பாதத்துக்கும் கூட்டிப் போவோம். சேற்றுப் பக்கம் கை காட்டக்கூட மாட்டோம். இன்று முழ நீள லென்ஸோடு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறார்கள். பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் மாட்டிக்கொண்ட புதைசேறு எங்கே என்று கேட்கிறார்கள். பார்க்க ஆள் சேர்ந்திருக்கும் இந்தக் காலத்தில், அன்று வானத்தை மறைத்துக்கொண்டு எழுந்த பறவைக் கூட்டம் இல்லை.

எனக்குச் சேற்றில் நடக்கக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் போவார். "உமரி மொளச்ச எடமாப் பாத்து மிதிடா. கறுப்பா மினுக்குற எடத்துல நிக்காத, நின்னா எறங்கும்." அப்படியும் கால் முழங்கால்வரை போய்விடும். வெடுக்கென்று இழுத்தால் சேறு இன்னும் இறுக்கும். குதிகாலை இப்படியும் அப்படியும் அசைத்து, பக்கத்தில் தண்ணீர் இறங்க வழிவிட்டு, அப்புறம்தான் எடுக்க வேண்டும். எடுத்த குழியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வரும். காற்றுப் புகாத கறுப்புச் சேற்றின் நாற்றம் அது. மேலே மட்டும் பாலாடை போல மெல்லிய பழுப்பு ஏடு படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத பாசிகள்தான் அந்த ஏடு. அதைத் தின்று புழு வளர்கிறது. புழுவைத் தின்ன, ஆர்க்டிக் ஓரத்திலிருந்து கொசு உள்ளான் இவ்வளவு தூரம் வருகிறது. மொத்த எடையே ஏறத்தாழ 25 கிராம். குனிந்த தலை நிமிராமல் கொத்திக்கொண்டே ஓடும். அது போன வழியெங்கும் ஊசி குத்தியது மாதிரி சின்னச் சின்னத் துளைகள் இருக்கும்.

இந்தக் கரையில் ஓதம் பெரிதாக ஏறாது, ஒரு மீட்டருக்கும் குறைவுதான். இங்கே தண்ணீரை ஏற்றுவதும் வற்றவைப்பதும் பெரும்பாலும் காற்று. கோடையில் தென்காற்றான சோழகம் பிடித்தால் கடல் தண்ணீர் ஓடைகள் வழியே உள்ளே வந்து சதுப்பில் பரவும். காற்று விட்டால் இறாலையும் குஞ்சு மீனையும் விட்டுவிட்டு வடியும். இறாலைக் கையாலேயே தடவிப் பிடித்து ஓலைப் பறியில் போடுகிறவர்களை அன்று எந்தத் திட்டிலும் பார்க்கலாம். மழைக்காலத்தில் ஆறுகள் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து உப்பைத் தணிக்கும். இந்த இரண்டு வரத்தும் இருந்தால்தான் சேறு உயிரோடு இருக்கும். ஒன்றை அடைத்தாலும் போச்சு.

அடைத்துவிட்டார்கள், உப்பளங்களுக்காக. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிச் சிறைக்குப் போனது இதே வேதாரண்யத்தில்தான். மண்ணில் கிடக்கும் உப்பு எல்லோருக்கும் சொந்தம் என்று சொல்லத்தான் அந்த நடை. நாங்கள் ஓடித் திரிந்த திட்டுகள் இன்று பாத்திகளாகி, வரப்புக் கட்டி, கம்பி போட்டுக் கிடக்கின்றன. உப்பளத்துத் தொழிலாளிகளின் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. வெயிலில் அவர்கள் பாதம் வெடித்திருப்பதைப் பார்த்தவன். தண்ணீருக்கு வழி விடாமல் கரை கட்டியதைத்தான் சொல்கிறேன். கோடியக்கரை 1967இல் சரணாலயமானது, அதுவும் முக்கியமாக வெளிமானுக்காக. சதுப்புக்கு ராம்சார் ஈரநில அங்கீகாரம் 2002இல் வந்தது. பறவைக் காலில் வளையம் மாட்டிப் பல பத்தாண்டுகள் இங்கே ஆய்வு செய்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், பறவைகளின் வரத்து குறைந்துவிட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்தபோது, கடல் அடியிலிருந்த சேற்றை வாரிக்கொண்டு வந்து வேதாரண்யம் கடற்கரையில் கொட்டியது. சேறு இருக்க வேண்டிய இடம் காய்ந்து கிடக்க, மணல் இருக்க வேண்டிய இடத்தில் படகு தள்ள முடியாத சேறு. அந்த வாரம் எங்கள் ஊரில் சாப்பாட்டுக்கே வழியில்லை; இதை யார் பேசியிருக்க முடியும்?

போன கோடையில் அண்ணன் மகனையும், இறால் பிடித்தே மூன்று பெண்களைக் கரையேற்றிய ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். சேற்றில் இல்லை, வரப்பின் மேல். மற்ற பகுதிக்கு அனுமதி வாங்க வேண்டும். பெரியவர் கம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இதுல ஒரு ஓட இருந்திச்சு தம்பி. பறி நெறைய மடவ எடுத்துருக்கேன். அந்தா, அந்த உடைமரம் நிக்கிதுல்ல, அதுல இன்னொண்ணு." அவர் சொல்லச் சொல்லப் பையன் செல்போனில் குறித்துக்கொண்டே வந்தான். ஓடைகளின் வாயெல்லாம் அவர் வயதுக்காரர்கள் நினைவில்தான் இருக்கின்றன. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேரை விசாரித்து வரைபடத்தை முடித்துவிட்டால், அடுத்த சோழகத்துக்கு முன் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். கரையை உடைக்கச் சொல்லப்போவதில்லை. பழைய ஓடை வாய் இருந்த இடங்களில் மதகு கேட்கிறோம். முதல் மதகு அந்த உடைமரத்தடியில் வேண்டும் என்பது பெரியவரின் பிடிவாதம். மனுவிலும் அதையே முதலில் எழுதியிருக்கிறேன்.