ஏழரை பிடித்த டிஸ்க்

எங்கள் வீட்டில் வரவு செலவு மனைவியிடம், டிவி ரிமோட் மகளிடம், தெய்வங்கள் மாமியாரிடம். எனக்கு ஒதுக்கப்பட்டது தகவல் பாதுகாப்பு இலாகா. அதாவது, பீரோவின் மேல் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் நான்கு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். ரெய்டு ஒன்று, மிரர் என்பார்கள்.

பீரோ மேல் ஏன் என்றால், வீடு திருவனந்தபுரம் தம்பானூர். ஆமையிழஞ்சான் ஓடை ரயில்வே ஸ்டேஷனுக்கு அடியிலேயே ஓடுகிற ஊர். ஒரு மழை கனத்தால் ரோட்டுக்கும் ஓடைக்கும் வித்தியாசம் தெரியாது. 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்று பேர் வைத்து அரசாங்கமே வடிகால்களைத் தேடித் தோண்ட வேண்டியிருந்தது. தண்ணீர் எட்டாத உயரத்தில் டிஸ்க்கை வைத்த என் தீர்க்கதரிசனத்தைக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் காபி குடித்ததில்லை. டிஸ்க் கடைசியில் வயசாகித்தான் செத்தது.

செத்தது யாருக்கும் தெரியவில்லை. மிச்சமிருந்த டிஸ்க் ஒண்டியாகவே வேலையை இழுத்துக்கொண்டு போனது. மகள் படம் பார்த்தாள், மாமியார் பஜனை கேட்டார். லினக்ஸ் காட்டும் ஒரு வரியில்தான் விஷயம் இருந்தது. இரண்டும் நலமென்றால் அடைப்புக்குள் இரண்டு 'யூ' நிற்கும். ஒன்று போய்விட்டால் அந்த இடத்தில் ஓர் அடிக்கோடு. இரங்கல் செய்தி அவ்வளவுதான்.

"ஒரே போட்டோவுக்கு ரெண்டு டிஸ்க் எதுக்குன்னு அன்னைக்கே கேட்டேன்" என்றாள் மனைவி. 1988-ல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றி எழுதிய கட்டுரையிலும், இருக்கும் வழிகளில் மிரர்தான் அதிகச் செலவு என்று இருக்கிறது. அதை அவளிடம் சொல்ல நான் என்ன முட்டாளா? சரித்திரத்தில் தஞ்சம் புகுந்தேன்.

"ஓலை செல்லரிக்கும் முன்னால் இன்னொரு ஓலையில் பெயர்த்து எழுதி வைத்தார்கள். அதனால்தான் 1909-ல் கணபதி சாஸ்திரிக்கு மணலிக்கரையில் பாஸனின் சம்ஸ்கிருத நாடகங்கள் கிடைத்தன, இந்த ஊரிலேயே அச்சும் ஏறின."

"அவங்க ஒரே நாள்ல ஒரே கடையில ரெண்டு ஓலையும் வாங்கலியே."

சரியான இடத்தில் அடித்துவிட்டாள். ஒரே தயாரிப்பில் வந்து, ஒரே சூட்டில், ஒரே அளவு சுழன்ற ஜோடி அது. புது டிஸ்க் போட்டு ரீபில்ட் பண்ணும்போது, உயிரோடிருப்பதை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும், வருஷக்கணக்காகத் தொடாத மூலைகளையும் சேர்த்து. அங்கே ஒரு செக்டார் கெட்டிருந்தால் சிக்கல். அதனால் பத்திரங்களையும் கல்யாண ஆல்பத்தையும் முதலில் தனி டிஸ்கில் காப்பி எடுத்தேன். மிரர் பேக்கப் ஆகாது. நாம் ஒன்றை அழித்தால், அதே விசுவாசத்தோடு இரண்டிலும் அழித்துவிடும்.

அடுத்தது, எதை உருவுவது? செத்தது இடதா வலதா என்று கம்ப்யூட்டர் சொல்லாது. சீரியல் நம்பர்தான் சொல்லும். மாற்றி உருவினால் இரட்டைச் சாவு. வெள்ளெழுத்துக் கண்ணாடி, டார்ச், ஸ்டூலைப் பிடிக்க மகள் என்று பெரிய ஏற்பாடு. புது டிஸ்க் பழையதைவிட இம்மியும் சிறிதாக இருக்கக் கூடாது என்பதால், கடையில் எண்களை வரிவரியாக ஒப்பிட்டேன். கடைக்காரர் பொறுமையாக ஒரு டீ வரவழைத்தார்.

நொடிக்கு நூற்றைம்பது மெகாபைட் என்றால் நான்கு டெராபைட்டுக்கு எவ்வளவு நேரம்? கணக்குப் போட்டு, "ஏழரை" என்றேன் சத்தமாக.

மாமியார் பதறி எழுந்தார். "மாப்பிள்ளே, ஏழரையா? பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா நேர்ந்துக்கிடுதேன்."

அன்று ராத்திரி மிக்ஸிக்குத் தடை, கிரைண்டருக்குத் தடை. ஸ்டேஷன் அறிவிப்பு காதில் விழுகிற வீடு எங்களுடையது. அது ரயில் வருவதை மூன்று மொழியில் சொல்ல, நான் சதவீதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் ரயிலைத்தான் கவனித்தார்கள். விடியற்காலையில் அடிக்கோடு போய் இரண்டாவது 'யூ' வந்தது. எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். "நேத்தும் படம் ஓடிட்டுதானே இருந்துச்சு?"

கோயிலுக்குக் கிளம்பிய மாமியாரின் பையில் இரண்டு தேங்காய்.

"ஒண்ணுதானே அத்தை நேர்ந்தீங்க?"

"ஒண்ணு உள்ளே அழுகிக் கெடந்தா என்ன செய்ய?" என்றார். "ஒண்ணு சாலைக் கடையில வாங்கினது, மத்தது வேற எடத்துல."