கைபேசியைக் கணினிவழி ஆளும் மென்பொருள்கள்: ஒரு திணையியல் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

மேசைமேல் கணினி. அதற்கு இரண்டு சாண் தள்ளிக் கைபேசி. ஓடிபி வந்த ஒலி கேட்கிறது. கையை நீட்டினால் எட்டிவிடும். ஆனால் நீட்ட வேண்டுமே! நீட்டாமலேயே போனின் திரையைக் கணினிக்கு வரவழைத்து, மவுசால் தட்டி, கீபோர்டால் வாட்ஸ்அப் பதில் அடிக்க வழி உண்டா என்று மாந்தர் தேடப் புகுகின்றனர். வழிகள் ஒன்றல்ல, பல. அவற்றுள் எதைத் தேர்வது என்பதே ஈண்டு ஆராயப்படும் சிக்கல்.

கருதுகோள்

கையை நீட்டும் சிறிய உழைப்பைத் தவிர்க்க மனிதன் எவ்வளவு பெரிய உழைப்பையும் மேற்கொள்வான்.

ஆய்வு எல்லை

ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியர், செயலி எழுதும் நிரலாளர், போனின் டிஸ்ப்ளே உடைந்தவர் ஆகியோருக்கு இம்மென்பொருள்கள் உண்மையிலேயே தேவை. தேவை உள்ளவர்களை ஆராய்வதில் சுவை இல்லையாதலின், ஓரிடம் தவிர ஏனைய இடங்களில் அவர்கள் விலக்கப்பட்டனர்.

முன்னாய்வுகள்

யூடியூபில் 'டாப் 10' என்னும் தலைப்பில் முன்னாய்வுகள் ஏராளம். அவை மென்பொருள்களை இலவசம், கட்டணம் என இரண்டாகப் பகுக்கின்றன. இலவசம் என்று நுழைந்தவனிடம் பாதி வழியில் 'ப்ரோ' வாங்கச் சொல்வது இத்துறையின் மரபாதலால், அப்பகுப்பு நிலைபெறவில்லை. போனுக்கும் கணினிக்கும் இடையே நிகழ்வது உறவு. உறவைப் பகுக்கத் தொல்காப்பியர் ஏழு திணைகள் வைத்துச் சென்றிருக்க, நமக்கு வேறு அளவுகோல் எதற்கு? அவர் வைத்தபடியே கைக்கிளையை முதலிலும் பெருந்திணையைக் கடைசியிலும் கொள்வோம்.

கைக்கிளை

ஒருதலைக் காமம். பார்க்கலாம், தொட முடியாது. 2012இல் வந்த மிராகாஸ்டும், 2013இல் வந்த குரோம்காஸ்டும் இத்திணையின. போனில் நடப்பதைப் பெரிய திரையில் காட்டுவதோடு இவற்றின் கடமை முடிந்தது. காட்டப்படும் திரையில் மவுசைக் கொண்டுபோய் எத்தனை முறை கிளிக் செய்தாலும் மறுபக்கத்தில் அசைவு இராது. ஷாவ்மி போன்கள் சிலவற்றில் கட்டுப்பாட்டு மென்பொருளைப் போட்டாலும் இதே கதிதான். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் (அதைத் திறக்கும் வழி குறிஞ்சியில் வரும்) 'யுஎஸ்பி டீபக்கிங்' என்பதற்குக் கீழே 'செக்யூரிட்டி செட்டிங்ஸ்' என்று அடைப்புக்குறியிட்ட இன்னொரு யுஎஸ்பி டீபக்கிங் இருக்கிறது. அதையும் இயக்கி, போனை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் தலைவி திரும்பிப் பார்ப்பாள்.

குறிஞ்சி

புணர்தல். கேபிள் வழியே போனும் கணினியும் கூடும் நிலை. இதன் தலைவன் 2018இல் ரொமேன் விமோன் ஜெனிமொபைல் நிறுவனத்துக்காக எழுதி வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். எழுதும்போது எஸ்சிஆர்சிபிஒய், சொல்லும்போது ஸ்க்ரீன் காப்பி. காசு கேட்காது, விளம்பரம் காட்டாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது. ஆண்ட்ராய்டு 5 முதல் வேலை செய்யும். 11 முதல் ஒலியும் கேட்கும். போனில் எந்தச் செயலியையும் நிறுவாமல் வந்து, சுவடின்றிப் போகும் ஆதலின் இது களவொழுக்கம் என்க. போனின் திரையை அணைத்துவிட்டுக் கணினியில் மட்டும் பார்க்கும் வசதியும் இதில் உண்டு. களவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இக்கூட்டத்துக்கு முன் ஒரு சடங்கு உண்டு. போனின் செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்னும் வரியைத் தேடிப் பிடித்து ஏழு முறை தட்ட வேண்டும். நான்கைந்து தட்டு ஆனதுமே, டெவலப்பர் ஆக இன்னும் இத்தனை படிகள்தாம் பாக்கி என்று போன் அறிவிக்கத் தொடங்கும். ஏழாவது தட்டில் 'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்று பட்டம் வழங்கும். நான்காண்டு பொறியியல் படித்தும் பலருக்குக் கிட்டாத இப்பட்டம் ஆள்காட்டி விரலுக்குக் கிட்டுகிறது. அதனால் திறக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டும். பிறகு கேபிள். வீட்டில் உள்ள கேபிள்களில் பல சார்ஜ் மட்டுமே ஏற்றும், டேட்டா கடத்தா. கடத்தும் கேபிள் அகப்பட்டுச் செருகியதும், இந்தக் கணினியை அனுமதிக்கவா என்று போன் கேட்கும். அனுமதியைப் போனின் திரையில்தான் தட்ட வேண்டும்.

உடைந்த டிஸ்ப்ளேக்காரர் ஈண்டுதான் மயங்கி நிற்கிறார். திரையைத் தொட முடியாததால் மென்பொருளைத் தேடினார். மென்பொருளோ முதலில் திரையைத் தொடு என்கிறது. படம் தெரிந்து டச் மட்டும் போயிருந்தால், ஓடிஜி அடாப்டரில் மவுசைச் செருகி, முல்லையில் வரும் கேபிளில்லா வழியை இயக்கலாம். படமும் போயிருந்தால் அது ஆய்வாளர் கையில் இல்லை. சர்வீஸ் கடைக்காரர் கையில் இருக்கிறது.

முல்லை

இருத்தல், அதாவது காத்திருத்தல். ஆண்ட்ராய்டு 11இல் 'வயர்லெஸ் டீபக்கிங்' வந்தது. அதன்பின் ஸ்க்ரீன் காப்பிக்குக் கேபிள் வேண்டாம், போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். போன் காட்டும் ஆறு இலக்க எண்ணைக் கணினியில் அடித்துவிட்டு, வருவான் வருவான் என்று காத்திருக்க வேண்டும். வந்தபின்னும் வைஃபை மந்தமானால் மவுஸ் இங்கே நகர, திரை சற்றுப் பொறுத்து அசையும்.

மருதம்

ஊடல். 2024இல் ஐஓஎஸ் 18, மேக்ஓஎஸ் செக்கோயா ஆகியவற்றோடு வந்த 'ஐபோன் மிரரிங்' இதற்குச் சான்று. இரண்டும் ஒரே ஆப்பிள் கணக்கில் இருக்க வேண்டும். ஐபோன் பூட்டியபடி பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதைக் கையில் எடுத்துத் திறந்தீர்களோ, மேக்கில் ஓடிக்கொண்டிருந்த காட்சி உடனே நின்றுவிடும். நானா, அவளா என்று கேட்கும் ஊடல் இது. விண்டோஸின் 'போன் லிங்க்' பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களோடு குறுஞ்செய்தி பேசும். முழுத்திரை காட்டுவதோ சாம்சங் முதலிய சில குலத்து மாடல்களுக்கு மட்டும்.

நெய்தல்

இரங்கல். எல்லாம் கூடிவந்து, வெற்றிக் களிப்போடு வங்கிச் செயலியைத் திறக்கும் கணத்தில் திரை கருப்பாகிவிடும். தம் திரையை யாரும் படம்பிடிக்கக் கூடாது என்று வங்கிச் செயலிகள் பல ஆண்ட்ராய்டிடம் சொல்லி வைத்திருப்பதே காரணம். நெட்ஃப்ளிக்ஸ் படத்துக்கும் இதே இருள்தான்.

பாலை

பிரிவு. பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் வகுக்கவில்லை; எனிடெஸ்க், டீம்வியூவர் ஆகியவற்றுக்கும் நிலம் இல்லை, இணையம் இருந்தால் போதும். ஊர்விட்டு ஊர் போன் ஆள உதவும் இவ்விரண்டும், ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட், கோப்பிங்கன் என்னும் அக்கம்பக்கத்து ஊர்களைத் தலைமையிடமாக உடைய நிறுவனங்களின் படைப்புகள். டல்லஸில் மகன், தென்காசியில் தாய்:

"எம்மா, ஸ்க்ரீன்ல ஒரு நம்பர் தெரியுதா?"

"தெரியுதுப்பா. ஒம்பது நம்பர்."

"ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

"சொல்றேன். கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல, ஒரு குத்துமதிப்பாச் சொல்லட்டுமா?"

பெருந்திணை

பொருந்தாக் காமம். அதே ஒன்பது எண்ணை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் அன்னியன் கேட்பது. எனிடெஸ்கை இறக்கச் சொல்லி, எண்ணை வாங்கி, போனுக்குள் புகுந்து யூபிஐ வழியே பணத்தை உருவும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. மென்பொருள் அதேதான், யார் அழைத்தார் என்பதில்தான் திணை மாறுகிறது.

ஆய்வு முடிவுகள்

ஆண்ட்ராய்டும் நல்ல கேபிளும் உடையோர்க்கு ஸ்க்ரீன் காப்பி. அதைக் கிட்ஹப்பில் உள்ள அதன் சொந்தப் பக்கத்தில் மட்டுமே இறக்குக, அதே பெயரில் முளைத்த தளங்களில் அல்ல. ஐபோனும் மேக்கும் உடையோர் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டனர். இன்னொன்றைத் தேட வேண்டா. சாம்சங்கும் விண்டோஸும் உடையோர்க்குப் போன் லிங்க். தூரத்துப் பெற்றோர்க்கு எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர், அழைப்பவர் பிள்ளைதான் என்று குரலில் தெரிந்தால். வேலை முடிந்ததும் யுஎஸ்பி டீபக்கிங்கை அணைத்துவிடுக. பில்ட் நம்பர், கேபிள் வேட்டை, அனுமதி, ஆறு இலக்கம் ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கையில் கருதுகோள் ஐயமின்றி நிறுவப்பட்டது.

தெரியாத ஆள் சொல்லி இவற்றில் எதையாவது ஏற்கெனவே இறக்கி, எண்ணையும் சொல்லிவிட்டிருந்தால், இணைய மோசடிக்கான உதவி எண் 1930ஐ உடனே அழையுங்கள். அதற்கு மட்டும் போனைக் கையில் எடுத்தே தீர வேண்டும்.