சைடு பேனல் போடாத மனிதர்

கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவரை அடையாளம் காண அவர் ஆடுவதைப் பார்க்க வேண்டியதில்லை. அது அபூர்வமாகத்தான் நடக்கும். மேஜைக்கு அடியில் குனிந்து பாருங்கள். கேபினட்டின் இடது பக்கத் தகடு கழன்று சுவரில் சாய்ந்திருக்கும். அதை மாட்டுகிற திருகுகளில் இரண்டு ஜன்னல் விளிம்பில் ஒரு மாத்திரை டப்பாவுக்குள் கிடக்கும், மிச்சம் எங்கே என்று தெய்வத்துக்கே தெரியும். கேட்டால், "மூடி வெச்சா சூடாகுதுங்க" என்பார். நம்பாதீர்கள். எப்படியும் நாளைக்குக் கழற்றத்தானே போகிறோம், எதற்கு மாட்டுவானேன் என்பதுதான் விஷயம்.

வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். வேலை, வீட்டுக்கடன், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் எல்லாம் உண்டு. ஆட்டத்துக்கென்று ஒதுங்கியது சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். அந்த இரண்டு மணி நேரத்துக்காக வாரம் முழுக்க நல்ல பிள்ளையாக இருப்பார். காய்கறி வாங்குவார், மாமியாருக்கு போன் போடுவார், இஸ்திரிக்குக் கொடுத்த துணியைக் கேட்காமலே வாங்கி வருவார்.

இந்த இனம் பிறந்தது பிரவுசிங் சென்டரில். ப்ளஸ் டூ ரிசல்ட் பார்க்கவும் ஹால் டிக்கெட் எடுக்கவும் ஊர் முழுக்க வரிசை கட்டிய காலத்தில், மூலை சிஸ்டத்தில் ஜிடிஏ வைஸ் சிட்டி ஓடிக்கொண்டிருக்கும். சீட் கோடுகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். 'பான்சர்' என்று தட்டினால் நடுத்தெருவில் ஒரு டாங்கி வந்து நிற்கும். அடுத்து வந்த சான் ஆண்ட்ரியாஸில் 'ஹெசோயாம்' அடித்தால் உயிர், கவசம், கையில் இரண்டரை லட்சம் டாலர். ஆங்கிலப் பரீட்சையில் 'நெசசரி'க்கு எத்தனை 'எஸ்' என்று திணறிய பையன்கள் ஹெசோயாமை மட்டும் மானிட்டரைப் பார்க்காமலே அடித்தார்கள்.

இணையத்தில் வருகிற செய்தியை நம்பி இவர் முதலில் ஏமாந்ததும் அந்த நாற்காலியில்தான். சான் ஆண்ட்ரியாஸ் காட்டுக்குள் பிக்ஃபூட் என்றொரு ரோம மனிதன் திரிகிறான் என்று உலகமே சொன்னது. மங்கலான படங்கள் கூட இருந்தன. 2004-இல் வந்த அந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தார்கள். மறுத்ததனாலேயே இருக்கிறது என்று ஆனது. பஸ் காசெல்லாம் கொடுத்து இவர் அந்த மரங்களுக்கிடையே சுற்றியிருக்கிறார். பிறகு 2013-இல் ஜிடிஏ 5 வந்தபோது அதே நிறுவனம் உண்மையிலேயே ஒரு பிக்ஃபூட்டை உள்ளே வைத்தது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆட்டத்தை நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும். முடித்து, மலையெல்லாம் துரத்திப் பிடித்தால், அது பிக்ஃபூட் வேஷம் கட்டிய ஓர் ஆள். இவ்வளவு பொறுமையாகக் கேலி செய்கிறவர்களை நான் வேறு துறையில் பார்த்ததில்லை.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். மணி பத்தேகால். வீடு அடங்கிவிட்டது. பவர் பட்டனை அழுத்துகிறார். விசிறி சுற்றுகிறது, கலர் கலராக லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. உள்ளேயிருந்து நீளமாக ஒரு பீப். இடைவெளி விட்டு மறுபடியும் ஒரு பீப். மற்றவர்களாக இருந்தால் "கம்ப்யூட்டர் போச்சு" என்று படுத்துவிடுவார்கள். இவர் பூனை நடை நடந்து மகளின் ஸ்கூல் பையைத் திறக்கிறார். பென்சில் பாக்ஸில் புது ரப்பர் இருக்கிறது.

இந்த ரப்பர் வைத்தியத்தை இவர் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்வீஸ் கடை வைத்திருப்பவரிலிருந்து பாலிடெக்னிக் பையன் வரை எல்லோருக்கும் தெரியும். ராம் பட்டையின் இருபுறக் கிளிப்பையும் தள்ளி உருவ வேண்டும். கீழ் விளிம்பில் தங்கநிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். தூசியும் ஈரக்காற்றும் சேர்ந்து அதில் படலம் கட்டிவிடும். அதை ரப்பரால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்து, துகளை வாயால் ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மறுபடி 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். அந்த 'டக்' சத்தத்துக்கு மதர்போர்டு உடைந்ததோ என்று நெஞ்சு ஒரு முறை நிற்கும். ஒவ்வொரு தடவையும் நிற்கும்.

திரை வந்துவிட்டது. காலையில் மகள் கேட்பாள்: "அப்பா, என் ரப்பர் ஏன் கறுப்பா இருக்கு?" அது காலைப் பிரச்சினை.

மணி பத்தே முக்கால். பழைய ஆட்டம் ஒன்றைத் திறக்கிறார். 'd3dx9_43.dll' காணவில்லை, அதனால் துவங்க முடியாது என்கிறது. தேடினால் முதல் பக்கம் முழுக்க அந்த ஒரே ஒரு கோப்பை மட்டும் இலவசமாகத் தருகிற தளங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து டவுன்லோடு பட்டன், அதில் நான்கு விளம்பரம், ஐந்தாவது சந்தேகத்துக்குரியது. விவரம் தெரியாதவர் அதை இறக்கி ஆட்டத்தின் ஃபோல்டரில் போடுவார். 64 பிட் ஆட்டத்துக்குள் 32 பிட் கோப்பு போய் உட்காரும். உடனே '0xc000007b' என்று புதுப் பிழை முளைக்கும். அதைத் தேடினால் அதற்கும் ஒரு கோப்பு இலவசம். இப்படியே போய் கடைசியில் "ஃபார்மேட் அடிச்சிரலாம் சார்" என்கிற இடத்தில் நிற்கும். நம்மவருக்கு இது அத்துப்படி. அந்தக் கோப்பு மைக்ரோசாஃப்ட்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பில் இருக்கிறது, அதை அப்படியே நிறுவினால் போதும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மனைவியின் பிளட் குரூப் கேட்டால் சற்று யோசிப்பார்.

இந்த அலைச்சலில் இவருக்கென்று ஒரு தகவல் அறிவியலே உருவாகியிருக்கிறது. தலைப்பில் '100% வொர்க்கிங்' என்று இருந்தால் வேலை செய்யாது. "இன்றைய நவீன உலகில் கணினி இன்றியமையாத ஒன்றாகிவிட்டது" என்று ஆரம்பிக்கிற கட்டுரையில் கடைசிவரை விடை இருக்காது. "டிரைவரை அப்டேட் செய்யுங்கள், அட்மினாகத் திறங்கள், எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கொடுங்கள்" என்ற மூன்றையும் வரிசையாகச் சொல்பவர் கேள்வியையே படிக்கவில்லை. வாயால் விளக்குகிற வீடியோவை விட, குரலே இல்லாமல் நோட்பேடைத் திறந்து யாரோ தட்டுத்தடுமாறி டைப் செய்கிற வீடியோ உத்தமம். பின்னால் ஏதோ டிஸ்கோ பாட்டு ஓடும், மேல் மூலையில் 'அன்ரிஜிஸ்டர்டு ஹைப்பர்கேம்' என்று மென்பொருளுக்குக் காசு கட்டாத அறிவிப்பு கிடக்கும், எழுத்துப்பிழையை அவர் அழித்து அழித்துத் திருத்துவது கூடத் தெரியும். பிழைக்க வந்தவன் இவ்வளவு மோசமாக வீடியோ எடுக்க மாட்டான், ஆகவே இவன் உண்மையானவன். இது நம்மவரின் வாதம். எனக்கும் இதில் மறுப்பில்லை.

2021 நவம்பரில் யூடியூப் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்தபோது இவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. வீடியோ புருடாவா இல்லையா என்று திறந்தவுடன் சொல்லிக்கொண்டிருந்த ஒரே நேர்மையான எண் அதுதானாம்.

மொழி விஷயத்தில் இவர் இருமொழிக் கொள்கைக்காரர். மேடை கிடைத்தால் பேசவும் பேசுவார். ஆனால் இவருடைய கிராஃபிக்ஸ் கார்டைக் காப்பாற்றிய வீடியோக்களில் பாதி இந்தியில் இருந்தன. மவுஸ் அம்பு போகிற இடத்தைப் பார்த்தே பின்தொடர்ந்தார். இப்போது 'ரைட் கிளிக் கர்னா ஹை' வரை வந்திருக்கிறார். இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

இயந்திரமே பதில் எழுதித் தருகிற காலம் வந்ததும் நிம்மதி பிறக்கும் என்று நாமெல்லாம் நினைத்தோம். இவர் நினைக்கவில்லை. மெனுவில் இல்லாத ஆப்ஷனை "அங்கே போய் கிளிக் செய்யுங்கள்" என்று அது அழுத்தம் திருத்தமாகச் சொல்லும். இல்லையே என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு இல்லாத இன்னொன்றைச் சொல்லும். 2024 மே மாதம் கூகுளின் ஏஐ பதில், பீட்சாவில் சீஸ் ஒட்டவில்லையென்றால் சாஸில் கொஞ்சம் பசை கலக்கச் சொன்னது. பதினோரு வருஷத்துக்கு முன் யாரோ விளையாட்டாக எழுதியதை அது வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது. உலகம் அதிர்ந்தது. கேம் ஆடுகிறவர்கள் அதிரவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தைய வருஷமே அவர்கள் குளோர்போவைப் பெற்றெடுத்துவிட்டார்கள்.

குளோர்போவின் கதை சுவையானது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் பேசுவதை உருவி, இயந்திரத்தை வைத்துச் செய்தியாக எழுதி ஒரு தளம் காசு பார்க்கிறது என்று 2023 ஜூலையில் அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு திட்டம் போட்டார்கள். "அப்பாடா, கடைசியில் குளோர்போவைக் கொண்டுவந்துவிட்டார்கள்" என்று ஒருவர் ஆனந்தக் கண்ணீர் விட்டு எழுத, பின்னால் வந்தவர்கள் எல்லாம் குளோர்போவால் ஆட்டமே மாறப்போகிறது என்று உருகினார்கள். குளோர்போ என்று எதுவும் கிடையாது. சீக்கிரமே அந்தத் தளத்தில் கட்டுரை வந்தது: குளோர்போவின் வருகையால் ஆட்டக்காரர்கள் உற்சாகம்! இந்தக் கதையைச் சொல்லும்போது நம்மவர் முகத்தில் வரும் பூரிப்பைப் பெண் பார்த்த படலத்தில்கூட வீட்டார் கண்டதில்லை.

ஆனால் இந்த விழிப்புணர்வெல்லாம் வீட்டுக்குள் செல்லுபடியாகாது. போன வருஷம் அப்பா கையில் செல்போனோடு வந்தார்.

"டேய், ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல கேம் ஆடக் கூடாதுன்னு கவர்மெண்டே சட்டம் போட்டுருச்சு பாரு. காலைல அஞ்சு மணி வரைக்கும் தடை."

செய்தி பொய்யில்லை, அரைகுறை. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அப்படி ஒரு விதி வந்தது உண்மைதான். அது பணம் கட்டி ஆடும் ரம்மி மாதிரியான ஆன்லைன் ஆட்டங்களுக்கு. 'பணம் கட்டி' என்ற சொல் வாட்ஸ்அப்பில் நாலு கை மாறியதில் உதிர்ந்துவிட்டது. இதை நம்மவர் நிதானமாக விளக்கினார்.

"அதுவும் கம்ப்யூட்டர்லதானே ஆடுறாங்க?"

"அப்பா, அது சூதாட்டம். நான் காசு கட்டியா ஆடுறேன்?"

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, அந்தக் கார்டு எவ்வளவுன்னு மாமாகிட்ட சொல்லுங்க."

அந்தக் கிராஃபிக்ஸ் கார்டு பற்றி ஒரு வார்த்தை. கிரிப்டோ கரன்சி தோண்டுகிறவர்கள் உலகத்துக் கார்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதால் 2021-இல் விலை யானை விலை, குதிரை விலை. நம்மவர் பொறுத்திருந்தார். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்கிற கரன்சி தோண்டும் முறையையே கைவிட்டது. உழைத்து ஓய்ந்த கார்டுகள் செகண்ட் ஹேண்டில் வந்து கொட்டின. "வீட்ல சும்மா வெச்சிருந்த கார்டு சார்" என்ற சத்தியத்தின் பேரில் ஒன்றை வாங்கினார். உள்ளே படிந்திருந்த தூசியைப் பார்த்தால் குவாரியில் வேலை பார்த்தது போலிருந்தது. மனைவியிடம் சொன்ன விலைக்கும் கொடுத்த விலைக்கும் இடைவெளி இன்னும் அப்படியே இருக்கிறது.

இவருடைய வகையறாவில் இன்னொரு பிரிவு உண்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, "என்ன ஸ்மூத்து, என்ன ஸ்மூத்து" என்று ஒரு வருஷம் மெச்சியபின், விண்டோஸ் செட்டிங்கில் அது அறுபதிலேயே நின்றிருப்பதை அடுத்த வீட்டுப் பையன் கண்டுபிடித்துச் சொல்வான். கார்டு இருக்க, கேபிளை மதர்போர்டில் சொருகிக்கொண்டு ஆட்டம் திக்குகிறது என்று புலம்புகிறவர்களும் இவர்களே.

உறவுக்காரர்களுக்கு இந்தப் பாகுபாடெல்லாம் இல்லை. கேம் ஆடுகிறான் என்றால் கம்ப்யூட்டர் தெரியும், கம்ப்யூட்டர் தெரியும் என்றால் பிரிண்டர் தெரியும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் எதிர் இலையிலிருந்து, "தம்பி, கறுப்பு மட்டும் வரமாட்டேங்குது, என்னவாயிருக்கும்?" என்று கேட்பார்கள். பிரிண்டரைப் பற்றி இவருக்கு ஒன்றும் தெரியாது. யாருக்குமே தெரியாது.

இவர் ஆடுகிற ஆட்டத்தின் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 3,200 கிலோமீட்டர் கேபிள். கண்ணாடி இழையில் ஒளியே நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால், போய்வர எப்படியும் 32 மில்லிசெகண்ட் ஆகும், அதற்குக் கீழே பிங்கை இறக்க ஆண்டவனாலும் முடியாது என்று அக்கா மகனுக்கு ஒரு நாள் பாடம் எடுத்தார். பையனுக்கு அது போதவில்லை.

"வேற ஏதாச்சும் டிரிக் இருக்கா மாமா?"

"இருக்கே. கேபினட் லைட்ட சிவப்பா வெச்சுக்கோ. பிங் தானா குறையும்."

குளோர்போ மூடில் இருந்தார், சொல்லிவிட்டார். பையன் கிளாஸில் சொன்னான். கிளாஸ் டியூஷனில் சொன்னது. இரண்டு மாதம் கழித்து இவர் போனுக்கே ஒரு ரீல் வந்தது. யாரோ ஒரு தம்பி, பின்னால் சிவப்பு வெளிச்சம், சிவப்பு நிறத்துக்கு அலைநீளம் அதிகம் என்பதால் சிக்னல் தூரம் போகும் என்று அறிவியல் விளக்கத்தோடு பேசினான். கீழே ஒருவர் எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்: 'எனக்கு வெர்க் ஆச்சு புரோ'. நம்மவர் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவியிடம் காட்டினார். மக்கள் எதையும் நம்புவார்கள் என்று அரைமணி நேரம் பேசினார்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி கடைசி ரவுண்டில் பிங் 58-இல் நின்று இறங்க மறுத்தது. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். லைட் சாஃப்ட்வேரைத் திறந்தார், சிவப்பை வைத்தார்.

55-க்கு வந்தது. அந்தக் கேபினட் இன்னும் சிவப்பாகத்தான் எரிகிறது, கேட்டால் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்கிறார்.