குளம்பு சீவலும் தடமழித்தலும்: காணொளி காண்பார் ஒழுகலாறு பற்றிய ஒரு முன்னோட்ட ஆய்வு

பாயிரம்

தமிழர் மறைத்து வைப்பன குறித்து ஆய்வுகள் பல உள. பொன், புதையல், சொந்த வயது ஆகியவை விரிவாக ஆராயப்பட்டுவிட்டன. ஆனால் நேற்றிரவு கைப்பேசியில் என்ன பார்த்தோம் என்பதை மறைக்கும் கலை இதுகாறும் எவர் கையும் படாதது. 'இத்துறையில் இதுவே முதல் ஆய்வு' என எழுதுவது மரபு. முன்னர் வந்தவற்றைப் படிக்காதிருப்பது அம்மரபின் உயிர்நாடி. இரண்டையும் இக்கட்டுரை வழுவாது கடைப்பிடிக்கிறது.

ஆய்வுச் சிக்கலாவது: புதிய காணொளி வேண்டும், பார்த்தது யாருக்கும் தெரியவும் கூடாது. இவை தம்முள் மாறுகொள்வன. அஃதெங்ஙனமெனின், நம்மைத் தெரிந்தவனே நமக்கேற்ற புதியதைக் காட்டுவான். பையனின் சம்பளத்தைச் சொல்லமாட்டேன், வரன் மட்டும் பொருத்தமாக வேண்டும் என்று தரகரிடம் கேட்பது போன்றது இது.

காண்போர் வகை

காண்போர் நால்வகையர்.

தேடிக் காண்போர்: வேண்டியதைத் தட்டச்சு செய்து, பார்த்து, மூடிவிடுவர். அருகிவிட்ட இனம்.

அனுப்பக் காண்போர்: குடும்ப வாட்ஸப் குழுவில் வருவதை மட்டும் காண்பர். இவர்க்கு அந்தரங்கம் இல்லை; ஆதலின் சிக்கலும் இல்லை.

தள்ளிக் காண்போர்: ஷார்ட்ஸ் பார்ப்போர். கட்டைவிரல் மட்டுமே விழித்திருக்கும்.

காட்டக் காண்போர்: முகப்பில் வந்ததைக் காண்பர். நாம் எல்லோரும். யூடியூபில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் பரிந்துரையால் விளைகிறது என்று அந்நிறுவனத்தின் நீல் மோகனே 2018-இல் சொன்னார். இவ்வகையினருள் ஒருவரைத் தனித்து நோக்குவோம்.

குளம்பு: ஒரு தனிநிலை ஆய்வு

ஆய்வுக்குரியவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். சங்க இலக்கியத்தில் துறைபோகியவர். ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு, ஸ்காட்லாந்தில் ஒருவர் பசுவின் குளம்பைச் சீவுவதைக் காணலானார்.

செயல்முறை இது. பசுவை இரும்புக் கூண்டில் நிறுத்திக் காலைத் தூக்கிக் கட்டுவர். கிரைண்டிங் மிஷினால் மேற்புறத்தைத் தேய்ப்பர். பின் வளைந்த கத்தியால், தேங்காய்ப் பத்தை போல வெள்ளை வெள்ளையாகச் சீவி எடுப்பர். உள்ளே கறுப்பாக ஒரு பொட்டு தென்படும். அதன் வழியே மேலும் சீவினால் சீழ் பீறிடும். நல்ல குளம்பின் அடியில் ஒரு கட்டையை ஒட்டிவிட்டால், புண்பட்ட குளம்பு தரையில் படாது. பசு இறங்கி நடந்து போகும். பசுவுக்கு வலி தணிவது இயல்பு. பேராசிரியர்க்கு ஏன் நிம்மதி உண்டாயிற்று என்பதே ஆராயத்தக்கது.

'பிற உயிரின் துயர் தீரக் கண்டு இன்புறல்' என்பார் மாடிவீட்டு உரைகாரர் (மொட்டைமாடிச் சொற்பொழிவு, வடாம் காயும் பகுதி). 'தூக்கமின்மையின் மெய்ப்பாடு' என்பது கீழ்வீட்டு மறுப்புரை (படிக்கட்டுப் பிரதி, இரண்டாம் திருப்பம், செருப்புகள் மறைத்தமையால் கடைசி வரி கிடைத்திலது). 'வேலை வெட்டி இல்லாதது' என்பது பேராசிரியரின் துணைவியார் அருளிய அடுக்களை உரை (தாளிப்பதற்கு முந்தைய பதிப்பு. தாளித்தபின் வந்த திருத்திய பதிப்பில் 'வெட்டி' என்னும் பாடம் மட்டும் எஞ்சியுள்ளது. கரண்டியால் அழுத்தம் தரப்பட்ட இடங்களைப் பதிப்பாசிரியர் தடித்த எழுத்தில் காட்டியிருக்கலாம்). மூன்றாவதே இவ்வாய்வாளர்க்கும் உடன்பாடு. ஆயினும் மறுப்பின்றி ஏற்பது ஆய்வறம் அன்று.

மறுநாள் சம்பந்தி வீட்டார் வந்தனர். கூடத்து டிவியும் அதே கணக்கில் இயங்குவது. பேரன் ரிமோட்டை அழுத்தினான். முதல் வரிசை முழுதும் குளம்பு. இரண்டாம் வரிசையில் குதிரை லாடம். மூன்றாவதில், ஒருவர் காதிலிருந்து குறும்பி எடுத்தல்.

"மாடு வாங்கப் போறீங்களா சம்பந்தி?"

"இல்லை இல்லை. வெட்சித் திணையில வர்ற ஆநிரை தொடர்பா ஒரு ஆய்வு" என்றார் பேராசிரியர். அவ்விடை பின்னர் கருத்தரங்கக் கட்டுரையாகவே வளர்ந்தது என்பர். அதில் அடிக்குறிப்பு நாற்பது. கருத்தரங்க அமைப்பாளரின் நூல் அவற்றுள் பதினேழு. மாடு ஒன்றுகூட இல்லை.

குளம்பிலிருந்து காதுக்கு வந்தது எவ்வாறு? முல்லைப்பாட்டில் எங்கோ கிடக்கும் அடியை எங்கோ கொண்டுபோய்க் கூட்டினார் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியரை மறைமலையடிகள் கடிந்துகொண்டார். அடிகள் யூடியூபைக் கண்டாரிலர். கூகுள் பொறியாளர் 2016-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, இயந்திரம் இலட்சக்கணக்கான காணொளிகளிலிருந்து முதலில் சில நூறைப் பொறுக்கும். பின் அவற்றை வரிசைப்படுத்தும். குளம்பு பார்த்த பலர் காதும் பார்த்திருந்தால் அதற்குப் போதும். பொருளியைபு வேண்டுவதில்லை. மேலும் 2012 முதல், தொட்டதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதற்கே யூடியூபில் மதிப்பு. பேராசிரியரோ கட்டை ஒட்டும் வரை பார்த்தவர்.

மறைத்தல் முறை

இன்காக்னிடோ: தொப்பியும் கண்ணாடியும் அணிந்த சின்னத்தை உடையது. அதே கைப்பேசியை அடுத்து எடுப்பவரிடமிருந்து மறைக்கும், கூகுளிடமிருந்து மறைக்காது. இதைப் பற்றி அமெரிக்காவில் 2020-இல் வழக்கு எழுந்தது. பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க 2024-இல் கூகுள் ஒப்புக்கொண்டது. குரோம் உலாவியில் இன்காக்னிடோவின் எச்சரிக்கை வாசகமும் மாறியது. மனைவியிடமிருந்து காக்கும், மலைப்பாம்பிடமிருந்து காக்காது என்க.

ஹிஸ்டரியை நிறுத்தல்: 2023 ஆகஸ்ட் முதல், இதை அணைத்துப் பழையதையும் அழித்தவர்க்கு முகப்பு வெறும் பக்கமாகவே வரும், தேடுபெட்டி மட்டும் இருக்கும். மிகத் தூயது. ஆனால் ஏடு கிழிந்த இடத்தில் என்ன இருந்தது என்று ஊகிப்பது பதிப்பாசிரியர் தொழில் மட்டும் அன்று. 'எதுக்கு அழிச்சீங்க?' என்பது இவ்விடத்து அடுக்களை உரை.

டிவியில் கணக்கிலிருந்து வெளியேறல்: நன்று. அது ரிமோட்டில் எங்கே இருக்கிறது என்று பேரனைக் கேட்க வேண்டும். கேட்டால் 'ஏன் தாத்தா?' என்பான்.

ஆர்எஸ்எஸ்: பெயர் கேட்டுப் பதற வேண்டா, இது செய்தியோடை. ஒவ்வொரு யூடியூப் சேனலுக்கும் ஒன்று உண்டு. கணக்கே இல்லாமல் சேனலைத் தொடரலாம். நியூபைப் போன்ற செயலிகள் சந்தாப் பட்டியலைக் கைப்பேசிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இணைய முகவரி கூகுளுக்குப் போகத்தான் செய்யும், ஆனால் 'குளம்புக்காரர்' என்ற பட்டம் நம் கணக்கில் ஏறாது. பிரான்சின் பிரமாசாஃப்ட் அமைப்பு உருவாக்கிய பியர்டியூப், விளம்பரமும் வேவும் இல்லாதது. கூட்டமும் அவ்வளவாக இல்லாதது. இவ்வழியில் புதியது தானாக வராது. பிடித்த ஒருவர் இன்னொருவரைப் பேட்டி கண்டால், அவரைப் போய்ப் பார்க்கலாம், நண்பரைக் கேட்கலாம். மெதுவான வழி. எனக்கு இதுவே பிடிக்கும், இரவு பத்தரைக்குள் பார்க்க ஒன்றும் இல்லாமல் போய்விடுவதால்.

பெயரை மட்டும் நீக்கல்: பயனில்லை. 2006-இல் நெட்ஃபிளிக்ஸ், பெயர்களை நீக்கிவிட்டு, சுமார் 4.8 லட்சம் பேர் படங்களுக்கு இட்ட பத்துக் கோடி மதிப்பெண்களை வெளியிட்டது. சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2008-இல் காட்டியது: ஒருவர் மதிப்பிட்ட எட்டுப் படங்கள் தெரிந்தால் போதும், அவற்றில் இரண்டு தவறாகவும், தேதி இரு வாரம் முன்பின்னாகவும் இருந்தாலும் 99 விழுக்காட்டினரைத் தனித்துக் கண்டுவிடலாம். நம் துறையினர் இதற்கு அசரமாட்டார். எட்டுப் பாட்டை வைத்துப் புலவரின் ஊர், குலம், சமயம், நூற்றாண்டு அனைத்தையும் 100 விழுக்காடு நிறுவுபவர் அவர்.

மறைபொருளின் தன்மை

மறைப்பதற்கு அப்படி என்னதான் இருக்கிறது? அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியாக முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் கடையில் வாடகைக்கு எடுத்த 146 வீடியோ கேசட்டுகளின் பட்டியலை வாஷிங்டன் வார இதழ் ஒன்று 1987-இல் வெளியிட்டது. ஒன்றிலும் மானக்கேடு இல்லை. ஆயினும் மறு ஆண்டே அங்கே வீடியோ அந்தரங்கத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. மக்கள் பிரதிநிதிகள் தத்தம் பட்டியலை ஒரு கணம் நினைத்துப் பார்த்திருப்பர். நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017-இல் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமை குளம்பையும் உள்ளடக்கும் என்பது இவ்வாய்வாளர் துணிபு. குற்றத்தை மறைப்பவர் சிலரே. நாம் மறைப்பதெல்லாம் அசட்டுத்தனம். அதற்குத்தான் பூட்டு அதிகம் வேண்டும்.

இம்முடிபுக்கு மாறான சான்று ஒன்று கள ஆய்வில் கிடைத்தது. துணைவியாரின் கைப்பேசி சோபாமேல் திறந்தே கிடந்தது. முதல் வரிசை முழுதும் அழுக்கேறிய தரைவிரிப்பைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் காணொளிகள். கறுப்பு நீர் வழிய வழிய உள்ளிருந்து சிவப்புப் பூ தெரிகிறது. இவர் எதையும் அழித்ததில்லை. இது எவ்வகை ஆய்வு எனப் பேராசிரியர் வினவினார்.

"ஆய்வெல்லாம் இல்லீங்க. பாக்க நல்லாருக்கு."

(அடுக்களை உரை, இறுதிப் பதிப்பு.)