வாடகை வீட்டில் பன்றிக்கறி: பதம் பிசகாமல் வேகவைக்கும் முறை

தேவையான பொருட்கள்: தோலும் கொழுப்பும் ஒட்டிய பன்றித் தோள்கறி, ஒரே துண்டாக ஒன்றரைக் கிலோ. மரக்காணம் கல்லுப்பு. மிளகு. பூண்டு இரண்டு முழுசு. வினிகர் அரை டம்ளர். ஒரு கருப்புப் பை. இரண்டு துண்டு கருவாடு. கீழ்வீட்டு ஓனரம்மா ஊருக்குப் போயிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கடைசியாகச் சொன்ன பொருள் விழுப்புரத்தில் சுலபத்தில் கிடைக்காது. ஓனரம்மாக்கள் எங்கேயும் போவதில்லை. ஆகவே அது இல்லாமலே சமைக்கும் வழியைச் சொல்கிறேன்.

சமையல், வீடு பார்க்கப் போகும் அன்றே தொடங்கிவிடுகிறது. "கவுச்சி செய்வீங்களா தம்பி?" என்று கேட்பார்கள். நீங்கள் வாய் திறப்பதற்குள் அவர்களே தொடர்வார்கள்: "கோழி, மீனு, ஆடு பரவால்ல. மத்ததெல்லாம் வாணாம்." இந்த 'மத்தது' என்னவென்று திருப்பிக் கேட்கக் கூடாது. அதில் இரண்டு வகைக் கறி அடக்கம். சில தெருக்களில் அந்தக் கறியைத் தின்கிற ஆட்களும் அடக்கம். தலையை ஆட்டிவிட்டு அட்வான்ஸைக் கொடுங்கள். எந்தப் பக்கமாக ஆட்டினோம் என்பதைப் பிற்பாடு பேசிக்கொள்ளலாம்.

அடுத்தது கறி வாங்குவது. விழுப்புரத்தில் குடியிருப்பவர் திண்டிவனத்தில் வாங்க வேண்டும். திண்டிவனத்தில் குடியிருப்பவர் விழுப்புரத்துக்கு வர வேண்டும். நடுவில் 40 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் எதிரும் புதிருமாக இரண்டு பேருந்துகள் ஊர்ந்து கடக்கும்போது கவனியுங்கள். அந்தப் பேருந்திலும் ஜன்னலோரமாக ஒருவர் மடியில் கருப்புப் பையோடு உட்கார்ந்திருப்பார். அவர் உங்களைப் பார்க்க மாட்டார், நீங்கள் அவரைப் பார்க்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அந்தப் பைக்குத் தடை இருக்கிறது. ஆனால் துணிப்பையில் ரத்தம் ஊறும், ரத்தம் ஊறினால் கேள்வி ஊறும்.

கடை ஊருக்கு வெளியே ஏரிக்கரையோரம் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கும். பலகையில் 'வெண்பன்றி இறைச்சி' என்று எழுதியிருப்பார்கள். அந்த 'வெண்' என்கிற அடைமொழி சுமக்கிற பாரம் கொஞ்சநஞ்சமல்ல. தெருவில் திரிகிற கருப்புப் பன்றி இது இல்லையாக்கும், பண்ணையில் குளித்து வளர்ந்தது என்று அர்த்தம். இனத்தின் பெயர் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர், பூர்வீகம் இங்கிலாந்து. காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இந்தப் பன்றியை வளர்க்கிறது. வெள்ளைக்காரப் பன்றி என்றால் நமக்கும் கொஞ்சம் சமாதானம்.

வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவர், நீங்கள் கேட்காமலேயே, "மூலத்துக்கு நல்லதுன்னாங்க" என்பார். பன்றிக்கறி மூலத்தை ஆற்றும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. மருந்தாக அது என்ன செய்ததோ, அனுமதிச் சீட்டாக அருமையாக வேலை செய்கிறது. அந்த வரிசையைப் பார்த்தால் மாவட்டத்தில் நிம்மதியாக உட்காரக்கூடிய ஆண்மகன் ஒருவரும் மிச்சமில்லை என்று தோன்றும். ஒருமுறை என் மேலதிகாரியையே அங்கே பார்த்தேன். "மூலம்" என்றார். "எனக்கும் சார்" என்றேன். அன்றிலிருந்து லீவு கேட்டால் மறுப்பதில்லை.

ஒரே துண்டாகக் கேட்டால் கடைக்காரர் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிடுவார். "முழுசாவா? இன்னா சார், ஊட்ல மாட்டி வெச்சிக்கப் போறியா?" நம் ஊரில் கறி என்றால் எலும்போடு சேர்த்துக் கொத்தியதுதான். விடாதீர்கள். தொடையைக் காட்டுவார், வேண்டாம் என்று சொல்லுங்கள். தொடையில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வறண்டுவிடும். தோளில் சவ்வு அதிகம். அந்தச் சவ்வுதான் நமக்கு வேண்டும். கறியை ரப்பராக்குவதும் அதுவே, பொறுத்திருந்தால் பிசினாகக் கரைந்து வெண்ணெயாக்குவதும் அதுவே.

பன்றியைப் பதமாக்கும் வித்தைக்குப் பத்துப்பாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. திண்டிவனத்துக்காரர்கள் உரிமை கொண்டாட வேண்டிய பாட்டு சிறுபாணாற்றுப்படை. அதன் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில் என்கிற ஊர், இன்றைக்குத் திண்டிவனத்துக்குள்ளேயே ஒரு பகுதி. அந்தப் பாட்டில் சுட்ட மீன் உண்டு, நண்டு உண்டு, ஆமான் கறி உண்டு. பன்றிக்கு நீங்கள் சற்று வடக்கே போய், காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையைப் புரட்ட வேண்டும். (அங்கேயும் பக்கத்து ஊருக்குத்தான் போகிறோம், பாருங்கள்.) கள் காய்ச்சும் வீட்டில் ஆண்பன்றியைப் பெட்டைகளோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்மாவை ஊட்டிப் பல நாள் வளர்த்து, அந்தக் கொழுத்த கறியைக் கள்ளோடு பாணனுக்குக் கொடுக்கிறார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கவிதைக்குள் எழுதி வைத்திருப்பது பண்ணைக் குறிப்பேதான். ஓடியாடாத உடம்பில் கொழுப்பு சேரும், தசை முறுக்கேறாது. வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்று பாணனை ஒருவரும் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கறியை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். தசைக்குள் அரிசிமணி போல வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் அது நாடாப்புழுவின் கூடு, தூக்கிப் போட்டுவிடுங்கள். "பன்றி தின்னா மூளையில புழு வரும்" என்று பயமுறுத்துகிறவர்களிடம் சொல்ல ஒரு சேதி. வேகாத கறியால் வருவது குடலில் வளரும் புழு. மூளைக்குப் போய் வலிப்பை உண்டாக்கும் கூடு, அந்தப் புழுவின் முட்டையால் வருவது. முட்டை ஏற்கெனவே குடலில் புழு உள்ள மனிதரின் மலத்தோடு வெளியேறி, கழுவாத கை, கெட்ட தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக வாய்க்குள் போகிறது. பன்றியைக் கண்ணால்கூடப் பார்க்காத சைவர்களுக்கும் அது வரும். இந்த நோயைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். அந்த மருத்துவமனைக்கே விதை விழுந்தது திண்டிவனத்தில்தான். 1890இல் இங்கே மிஷன் பங்களாவில் தங்கியிருந்த ஐடா ஸ்கடர், ஒரே இரவில் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் இறந்ததைக் கண்டுதான் மருத்துவம் படிக்கப் போனார். ஆகவே திண்டிவனத்தில் கறி வாங்குகிறவர் நன்றாக வேகவைத்துத் தின்பது அந்த அம்மாளுக்குச் செய்யும் மரியாதை.

உப்பை முதல் நாள் இரவே தடவிவிடுங்கள், கிலோவுக்கு 15 கிராம் கணக்கு. மிளகும் பூண்டும் வினிகரும் அரைத்துப் பூசுங்கள். கோவாவின் விண்டாலுவுக்கு மூதாதையான போர்ச்சுக்கீசியக் கறியின் பெயருக்கே வைனும் பூண்டும் என்றுதான் பொருள். நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியில், பழைய கிரியோல் வீடுகளில், அதன் ஒன்றுவிட்ட தங்கை இன்னமும் சட்டியில் கொதிக்கிறாள்.

இனிதான் பெரிய முடிவு. குக்கரா, ஸ்லோ குக்கரா? சமையல் நூல்கள் இதை ருசிப் பிரச்சினையாகப் பேசும். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இது சத்தமா, வாசனையா என்கிற பிரச்சினை.

பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரைக்கும் ஏறும். துண்டு போட்ட கறி அரை மணியில் முடிந்துவிடும். ஆனால் விசில் ஊருக்கெல்லாம் தகவல் சொல்லும். மூன்று என்றால் பருப்பு, ஐந்தாறு என்றால் ஆடு. எட்டைத் தாண்டும்போது கீழ்வீட்டில் முறம் தட்டுகிற சத்தம் நின்றுபோகும். பத்தாவதில் படிக்கட்டடியிலிருந்து குரல் வரும்: "இன்னா தம்பி, கடா ரொம்ப முத்தலா?"

ஸ்லோ குக்கர் வாயைத் திறக்காது. கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே நின்று எட்டு மணி நேரம் முனகலில்லாமல் வேகவைக்கும். அந்த எட்டு மணி நேரமும் வாசனை படியிறங்கிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடித்த இர்விங் நாக்ஸன் சிகாகோவில் வாழ்ந்த யூதர், 1940இல் காப்புரிமை பெற்றார். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதற்காக வெள்ளி மாலையே பீன்ஸும் கறியும் சட்டியில் போட்டு, ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் விடிய விடிய வேகவிடும் பழக்கம் லித்துவேனியாவில் இருந்தது. அதை அம்மா சொல்லக் கேட்டுத்தான் அவருக்கு யோசனை வந்தது. 1971இல் வேறொரு கம்பெனி அதை 'கிராக் பாட்' என்று விற்று, வேலைக்குப் போகும் பெண்களின் கையில் கொடுத்தது. பன்றியை ஏறெடுத்தும் பார்க்காத சமையல் மரபிலிருந்து பிறந்த சட்டியில் இன்று உலகமே பன்றியை வேகவைக்கிறது. ரொட்டிக்கடை யோசனை எனக்கும் பிடித்துப்போய், தெருமுனை பேக்கரிக்காரரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். என்ன கறி என்று சொன்னதும், "அண்ணே, முட்டை போடாத கேக்குக்கே எனக்குத் தனி டிரே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மயிலம் பக்கத்தில் எங்கள் காலனியில் எந்தக் கம்பெனியும் வரும் முன்பே எங்கள் ஆயா இதைச் செய்துகொண்டிருந்தாள். விடியற்காலையில் மண்சட்டியில் கறி, மஞ்சள், உப்பு, கிள்ளிய மிளகாய், உரித்த சின்ன வெங்காயம். சவுக்குக்கட்டை எரிந்து தணலானதும் சட்டியை அதன்மேல் ஏற்றி, மூடி மேலும் நாலு தணலைப் போட்டுவிட்டு மல்லாட்டைக் கொல்லைக்குக் களைவெட்டக் கிளம்பிவிடுவாள். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. என்று ஊர்ப்பெயரையே சுருக்கி மல்லாட்டை ரகங்களுக்கு வைத்துப் புகழ் பெற்றது. ஆயா வீட்டில் மல்லாட்டை எண்ணெய் இருந்ததில்லை. பன்றிக்கு அது தேவையும் இல்லை, தன் கொழுப்பிலேயே தான் வேகும். மதியம் திரும்பி வரும்போது தெருமுனையிலேயே வாசனை வரும். யாரும் ஜன்னல் சாத்த மாட்டார்கள். கிண்ணம்தான் எடுத்து வருவார்கள்.

பசி தாங்காமல் நான் ஒருநாள் விறகைத் தள்ளித் தீயைக் கூட்டியபோது ஆயா சொன்னாள்: "கறிய பயமுறுத்தாதடா. பயந்தா வெறச்சிக்கும்." வெப்பமானி வாங்கிய பிறகுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. 60 டிகிரி தாண்டியதும் தசைநார் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. கறி அப்போது உண்மையிலேயே விறைத்துத்தான் போகிறது. அமெரிக்க வேளாண் துறை, 63 டிகிரி வந்து மூன்று நிமிடம் ஆறவிட்டால் முழுத்துண்டு தின்னத் தகுந்தது என்கிறது. அந்த நிலையில் தோள்கறியைக் கடித்தால் பல் கழன்று வரும். 70க்கு மேலே சவ்வு மெல்லக் கரையத் தொடங்கும். 90ஐத் தாண்டியும் விட்டு வைத்திருந்தால் கரண்டிக் காம்பு பட்டாலே நாராகப் பிரியும். ஆயாவிடம் வெப்பமானி இல்லை. துடைப்பக்குச்சி இருந்தது. குத்தினால் தடையில்லாமல் போக வேண்டும்.

ஓவன் வைத்திருப்பவர்கள் 150 டிகிரியில் மூடி போட்டு மூன்று மணி நேரம், பிறகு மூடியை எடுத்து 220இல் இருபது நிமிடம் வைத்தால் தோல் அப்பளமாகப் பொரியும். ஓவன் இல்லாதவர்கள், கிறிஸ்துமஸ் கேக்குக்குச் செய்கிற மாதிரி, பழைய குக்கரின் அடியில் மணலைக் கொட்டி, விசிலையும் காஸ்கெட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே பாத்திரத்தை இறக்கி சிம்மில் வையுங்கள். தோல் பொரியாது, கறி பொல்லாத பதத்துக்கு வரும். சத்தமும் கிடையாது.

வாசனைக்குத்தான் கருவாடு. கறி கொதிவாடை விடத் தொடங்கும் முதல் மணி நேரத்தில் பக்கத்து அடுப்பில் இரண்டு துண்டைப் போட்டுக் கருக விடுங்கள். தெருவே மூக்கைப் பொத்தும், ஆனால் ஒருவரும் படியேற மாட்டார்கள். நாற்றத்துக்கும் நம் ஊரில் அந்தஸ்து உண்டு. கருவாட்டு நாற்றம் உள்ளூர்க்காரர், பன்றி மணம் வெளியூர்க்காரர்.

கறியைத் தின்று முடித்ததும் சட்டியில் உருகி நிற்கும் கொழுப்பைக் கொட்டாதீர்கள். வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றினால் இரவுக்குள் பால்வெள்ளையாக உறைந்து, ஆவின் நெய்க்கு அண்ணன் மாதிரி நிற்கும். இதில்தான் ஆபத்து. மேலே பெயர் எழுதி ஒட்டாவிட்டால் ஒரு வெள்ளிக்கிழமை யாராவது அதில் விளக்கேற்றிவிடுவார்கள். உண்மையை எழுதினால் வீடு போகும். ரொம்ப நேரம் யோசித்து, 'மூலத்துக்கு மருந்து' என்று எழுதி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஐஸ் கட்டி கேட்டு மேலே வந்த ஓனரம்மா அதைப் படித்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. முகம் மட்டும் இளகிப்போனது. "இந்த வயசுலயா தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் காலையிலேயே ஒரு கட்டுத் துத்திக்கீரை வாசல்படியில் இருக்கிறது. மூலத்துக்கு அதைவிடக் கைகண்டது இல்லையாம், சின்ன வெங்காயம் போட்டு வதக்கித் தின்னச் சொல்கிறார்.

வதக்குகிறேன். அந்தக் கொழுப்பில் துத்தி நன்றாகத்தான் இருக்கிறது.